சீட்டுப் பட்டாசு

மாடிப்படியில் தடதடவென்று பூட்ஸ் சத்தம். யாரென்று சண்முகசுந்தரம் எட்டிப் பார்ப்பதற்குள் இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் மேலே போய்விட்டிருந்தார்கள்.

பூட்டியிருந்த அறை முன்னால் நின்று, "சாவி" என்று கை நீட்டினார் இன்ஸ்பெக்டர்.

உள்ளே கூரை வரைக்கும் பட்டாசுப் பெட்டிகள்.

"லைசென்ஸ் இருக்கா?"

"கடை போட்டாத்தானே சார் லைசென்ஸ்? இது தீபாவளிச் சீட்டு. மாசாமாசம் கட்டினவங்களுக்குக் கொடுக்கிறது. ஸ்ரீரங்கத்துல பாதித் தெருவுல நடக்குது."

"சீட்டுன்னா வெடிக்காதா?"

பெட்டிகள் வேனில் ஏறுவதைத் தெருவே ஜன்னல் வழியாகப் பார்த்தது. சண்முகசுந்தரம் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். இதில் எவன் போட்டுக் கொடுத்தது?

"நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் கிளம்பினார்.

வேன் முனை திரும்பியதும் எதிர்வீட்டு ஜெகதாம்பாள் வந்துவிட்டாள்.

"ஏன் தம்பி, நேரா அந்த ரூமுக்கே போனாங்களாமே? வீட்டுக்குள்ள இருக்கிறவங்க சொல்லாம எப்படித் தெரியும்?"

மாடியில் குடியிருக்கும் ஷெர்லின் கைக்குழந்தையோடு படியில் நின்றிருந்தாள். அவள் போர்ஷனுக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரே சுவர்.

"போன வாரம் வெடிமருந்து வாசனை வருதுன்னு மூக்கைச் சுளிச்சது நீதானேம்மா?" என்றார் சண்முகசுந்தரம்.

"உங்ககிட்டதாண்ணே சொன்னேன். வேற யார்கிட்டயும் சொல்லல."

"அவங்களுக்கென்ன, கிறிஸ்மஸ்தானே. நம்ம தீபாவளி எப்படிப் போனா என்ன?" என்றாள் ஜெகதாம்பாள்.

ஷெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. "பிள்ளை மேல சத்தியமா நான் இல்லண்ணே."

"சத்தியமெல்லாம் வேணாம். அடுத்த மாசம் வேற வீடு பாத்துக்க. சீட்டுக் கட்டினவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவரு பொன்மலைக்கு டூட்டிக்குப் போயிருக்காரு. வந்ததும் பேசுங்கண்ணே. கைக்குழந்தையை வச்சுக்கிட்டு திடீர்னு எங்க போவேன்?"

"போன் பண்றதுக்கு முன்னாடி அதை யோசிச்சிருக்கணும்."

சமையலறையிலிருந்து மாவு ஒட்டிய கையோடு வந்தாள் அவர் மனைவி சித்ராதேவி.

"ஷெர்லின், நீ மேல போ. பிள்ளையைத் தூங்க வை."

"நீ எதுக்கு நடுவுல வர்றே?" என்று சீறினார் சண்முகசுந்தரம்.

"அவளைக் காலி பண்ணச் சொன்னா, நானும்தாங்க காலி பண்ணணும்."

"நீ ஏன்டி?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் தொட்டில் கட்டியிருக்குன்னு எத்தனை தடவை சொன்னேன்? சீட்டுதானே, சீட்டுதானேன்னீங்க. அதான், ஸ்டேஷனுக்கு நானே போன் பண்ணிட்டேன்."

ஜெகதாம்பாள் சத்தமில்லாமல் வாசற்படி இறங்கினாள்.

சித்ராதேவி உள்ளே போனாள். எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டு, அடுத்த முறுக்கைப் பிழிந்தாள்.