எல்லையில் நிற்காத பேருந்து

கருக்கலைப்பு உரிமையை நாடு முழுவதும் பாதுகாக்கும் சட்டத்துக்கு ஆதரவாக, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தார் நிறைமதி. சட்டம் நிறைவேறியது, அவருடைய எம்.பி. பதவி பறிபோனது. அரசு வீட்டைக் காலி செய்துவிட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்.

மாநில எல்லையில் இருந்த சோதனை வளைவு தெரிந்ததும், பக்கத்து இருக்கையில், வழியில் பழக்கமான ரோஸ்லின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் கரு இருந்தால் வளைவு சிவப்பாகும், கருவைக் கலைக்க வேறு மாநிலம் போகிறாள் என்று காவலர்கள் இறக்கிவிடுவார்கள். போன வாரம் அவளை அப்படித்தான் இறக்கினார்கள்.

"இப்ப பிள்ளை வேணாம்னு நான் முடிவு பண்ணிட்டேன்க்கா. வீட்டுக்காரருக்கும் சம்மதம். அந்த மிஷினுக்குத்தான் சம்மதம் இல்ல."

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது வளைவு பின்னால் போய்விட்டிருந்தது. பேருந்து நிற்கவே இல்லை.

"ஏன்க்கா நிறுத்தல?"

"புதுச் சட்டம் வந்திருச்சும்மா. இனிமே எந்த மாநிலமும் உன்னை நிறுத்த முடியாது."

"யாரு கொண்டுவந்தாங்க?"

பத்திரிகையாளர்கள் கேட்டபோதெல்லாம் கூட்டு முயற்சி என்று அடக்கமாகச் சொல்லி வந்த நிறைமதி, இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்கு ஓட்டுப் போட்டவங்கள்ல நானும் ஒருத்தி. அதனால என் பதவி போச்சு. போகட்டும்!"

ரோஸ்லின் அவரையே பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, பேருந்து முழுவதும் கேட்கும்படி கத்தினாள்: "எல்லாரும் இங்க பாருங்க! நம்மள எல்லை தாண்ட வச்சது இவங்கதான்!"

நிறைமதி அவளைத் தடுக்கவில்லை.