வேட்டை பங்களாவுக்கு வந்த விருந்தாளி

சித்தேரி மலைமேல் பாழடைந்து கிடந்த பழைய வேட்டை பங்களாவை, மலையேற வருகிறவர்கள் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தான் மாதேஸ்வரன். மொரப்பூரிலிருந்து மகள் யுவராணி, மருமகனோடு வந்திருந்த தீர்த்தகிரிக்கு இடம் ரொம்பப் பிடித்துவிட்டது.

"ரோடு இல்ல, டவர் இல்ல. காட்டுக்குள்ளயே நடந்து வந்தோம். சொர்க்கம்ங்க! அந்தக் காலத்துச் சுவத்தைக்கூட இடிக்காம வெச்சிருக்கீங்களே!"

"சந்தோஷம்ங்க."

"இங்கயே பொறந்து வளந்தவங்க குடுத்து வெச்சவங்க."

"தாடி வெச்சதால என்னை அடையாளம் தெரியலீங்களா?" என்று மாதேஸ்வரன் சிரித்தான். "மூணு வருஷத்துக்கு முன்னால உங்க வூட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தேனுங்க. ரோடு இல்லாத காட்டுக்கு எம்பொண்ணை அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டீங்க."

தீர்த்தகிரியின் முகம் வெளிறியது. மருமகன் யுவராணியைப் பார்த்தான். அவள் மலையைப் பார்த்தாள்.

"அட, விடுங்க. சாப்பிட வாங்க. என் சம்சாரம் சாமைச்சோறு ஆக்கியிருக்கா" என்றபடி மாதேஸ்வரன் முன்னால் நடந்தான். "அவ பெங்களூருக்காரிங்க. போன வருஷம் மலையேற வந்தவ, இறங்கிப் போகவே இல்லீங்க."