குளிர் தாங்காத மட்டை

ஏப்ரல் பிறந்தும் டுலூத் நகரில் ஏரிக்காற்று காதைக் கடித்தது. பெண்கள் சாஃப்ட்பால் அணியில் எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். ஒன்பதாவது ஆள் சோன்யா வராவிட்டால் ஆடாமலே தோல்வி.

சோன்யாவின் அப்பா வெர்லினின் கார் வந்து நின்றதும்தான் பயிற்சியாளர் மார்லிஸுக்கு உயிர் வந்தது. உள்ளே ஹீட்டர் ஓடியதில் கண்ணாடியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஓடிப்போய்த் தட்டினாள். கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியது.

"சீக்கிரம் சொல்லுங்க மார்லிஸ், குளிர் உள்ள வருது. பின்சீட்ல புது மட்டை இருக்கு."

"அந்த நானூறு டாலர் மட்டையா? கம்பளி போர்த்தி விட்டீங்களா?"

"ரெண்டு கம்பளி. இந்தக் குளிர்ல பந்து பட்டா விரிசல் விட்டுடும்."

"பாலும் காய்ச்சிக் குடுத்திருக்கலாமே!"

"கிண்டல் பண்ணாதீங்க. வெயில் வராம இதை வெளிய எடுக்க மாட்டேன்."

"எடுக்கவே வேண்டாம் சாமி. சோன்யாவுக்குப் பழைய அலுமினிய மட்டையே போதும்."

"தாராளமா! குளிர் போற வரைக்கும் அதுலயே ஆடட்டும்."

மைதானத்தில் நடுவர் கடிகாரத்தைப் பார்ப்பதை மார்லிஸ் கவனித்தாள்.

"அப்ப அவளை இறக்கி விடுங்க, நேரமாச்சு."

"யாரை?"

"சோன்யாவைத்தான்!"

"அவ நேத்துலேர்ந்து காய்ச்சல்ல படுத்திருக்கா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஃபோன்ல சொல்றதுக்கென்ன? காய்ச்சல்காரப் பிள்ளையை வீட்ல விட்டுட்டு, மட்டையைத் தூக்கிட்டு ஊர் சுத்தணுமா?"

வெர்லின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே சொன்னார்:

"வேற என்ன பண்றது? வீட்டு ஹீட்டர் ராத்திரியே நின்னுபோச்சு. அந்தக் குளிர்ல இதை எப்படிப் போட்டு வைக்கிறது?"