லோடு சைக்கிளில் மலை டயர்

ரேஸுக்கென்று வாங்கிய டயரை லோடு சைக்கிளில் மாட்டிக்கொண்டு மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் போனான் சுப்புராஜ். பார்த்தவர்களுக்கெல்லாம் வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? கொச்சியிலிருந்து மூணாறு ஏறி, மறுநாள் மலையிறங்கித் திரும்பி வரும் சைக்கிள் ரேஸ். முதலில் வருகிறவனுக்கு ஒரு தேயிலைக் கம்பெனியில் நிரந்தர வேலை. எண்பத்து மூன்றாம் வருஷம் வேலை என்ன கடைத்தெருவிலா கிடந்தது?

மட்டாஞ்சேரிக்காரனுக்குப் பாலத்தை விட்டால் வேறு மேடு தெரியாது. மலைக்கேற்ற டயரை எந்தக் கடைக்காரன் வாங்கி வைப்பான்? நாணுவின் சைக்கிள் கடையில் மட்டும், ஆழமாக வெட்டு வைத்த ஒரு ஜோடி வெகுகாலமாகத் தொங்கியது. உப்புக் காற்றில் வெடித்துவிடக் கூடாதென்று அவர் தினமும் அதற்குத் தேங்காயெண்ணெய் தடவி, கல்யாணப் பெண் மாதிரி பளபளவென்று வைத்திருந்தார்.

சுப்புராஜ் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். எண்ணெய் குடோனில் லோடு சைக்கிள் மிதிக்கிறான். ரேஸுக்குப் பேர் கொடுத்த கையோடு போய் அந்த ஜோடியை வாங்கிவிட்டான்.

அதே ஜோடியைக் கேட்டுக் கடைக்கு அடுத்ததாக வந்தவன் நீலகண்டன். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பம். பி.காம். முடித்துவிட்டு, வேலையில்லாமல், சாப்பிட உட்காரும்போதெல்லாம் அப்பாவிடம் பேச்சு வாங்குகிறவன். இந்த ரேஸை விட்டால் வேலைக்கான வயது தாண்டிவிடும்.

அப்படிப்பட்டவன் கண்ணெதிரே அந்த டயர் லோடு சுமந்துகொண்டு போனால் பொறுப்பானா? நாணுவையும் இழுத்துக்கொண்டு குடோன் வாசலுக்கே போனான்.

முதலில் நயமாகத்தான் கேட்டான். வேறு புது டயர் வாங்கித் தருகிறேன், குடோனில் ஒரு நாள் லீவு வாங்கித் தருகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தான். சுப்புராஜ் தலையை ஆட்டவே இல்லை.

"எனக்கு இந்த வேலை வேணும்டா, சுப்புராஜ்."

"எனக்கும் வேணும் சாமி."

"அப்படின்னா உன் ரேஸ் சைக்கிள்ல மாட்டு."

"மாட்ட மாட்டேன். உங்களுக்கும் தர மாட்டேன்."

நாணுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "குழந்தை மாதிரி எண்ணெய் தடவி வளர்த்த டயராக்கும். உனக்கு வேண்டாம்னா என் கடைக்கே திருப்பிக் கொண்டு வா."

"வித்தது வித்ததுதான் நாணு சேட்டா," என்று சொல்லிவிட்டு சைக்கிளை நகர்த்தினான்.

அதற்குப் பிறகு சாயாக்கடையில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ரேஸ் கமிட்டித் தலைவர் ஆளனுப்பிக் கேட்டார். அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த அழகரே, நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் உன்னால் கெட்ட பேர் என்று சண்டை போட்டான்.

"கெட்டா கெட்டுட்டுப் போகட்டும்," என்றான் சுப்புராஜ். திமிர் என்றால் அப்படி ஒரு திமிர்.

ரேஸன்று லோடு சைக்கிளின் பழைய டயரைத் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. அவன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏற்றத்தில் அவன்தான் முன்னால் போனான். மூட்டை சுமந்த கால் அல்லவா? மறுநாள் இறக்கத்தில் கதை மாறியது. நேரியமங்கலம் வளைவுகளில் நீலகண்டன் பிரேக்கைத் தொடாமல் இறங்கினான். உயிரை வெறுத்தவன் மாதிரி வந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சாதாரண டயரிலேயே அவன் முதலில் வந்தான், சுப்புராஜ் அவனுக்குப் பின்னால்.

மேடையில் மைக்கைப் பிடித்த நீலகண்டன், கெட்ட மனசுக்காரர்கள் டயரைத்தான் பிடுங்க முடியும், ஜெயிப்பதை அல்ல என்றான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்க்க, சுப்புராஜ் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

கம்பெனியில் சேரப் புறப்பட்ட அன்று, தோப்பும்படி பாலத்து இறக்கத்தில் கூட்டத்தைப் பார்த்து நீலகண்டன் சைக்கிளை நிறுத்தினான். எண்ணெய் டின்கள் நாலா பக்கமும் உருண்டு நசுங்கிக் கிடந்தன. நடுவில், முழங்கை கிழிந்து ரத்தம் ஒழுக, சுப்புராஜ் உட்கார்ந்திருந்தான்.

நன்றாக வேண்டும் இவனுக்கு என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு லோடு சைக்கிளின் முன் சக்கரத்தைப் பார்த்தான். அந்த டயர் நாராக உரிந்து தொங்கியது. கையில் எடுத்தபோது ரப்பர் அல்வா மாதிரி பிய்ந்து வந்தது. தேங்காயெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது.

"எண்ண ஊறுன ரப்பர் இப்படித்தான் ஆகும் சாமி," என்றான் சுப்புராஜ். "குடோன் தரையில எத்தன டயரு இப்படிப் போயிருக்கு. வீட்டுக்குக் கொண்டு போய் அமுக்கிப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. லோடு வண்டிக்காவது கொஞ்ச நாள் தாங்கும்னு நெனச்சேன்."

நீலகண்டன் கையிலிருந்த ரப்பரைக் கீழே போட்டான். "தெரிஞ்சா எங்கிட்ட சொல்லப்படாதா?"

"நாணு சேட்டன்கிட்ட தனியாச் சொன்னேன், சிரிச்சாரு. நீங்க மட்டும் நம்பிருப்பீங்களா? டயரத் தராம இருக்கக் கத கட்டுறான்னு சொல்லியிருப்பீங்க."

அது உண்மைதான். நீலகண்டனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து ஒரு டின்னை நிமிர்த்தி வைத்தான்.

"அத்தனை பேர் வாயிலயும் விழுந்தியே. பேசாம கடையிலயே திருப்பிக் கொடுத்திருக்கலாமே?"

சுப்புராஜ் ரத்தத்தைக் கைலியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"குடுத்திருந்தா அன்னைக்கே நீங்க வாங்கி மாட்டியிருப்பீங்க. நேரியமங்கலம் எறக்கத்துல உருண்டிருக்கிறது டின்னா சாமி?"