விரல் பட்ட இடம்

ஒஹையோ ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பூச்சாடித் தொழிற்சாலையில், சூளை பிரிக்கும் நாளன்று முதலாளி ஹாரியட் சுத்தியலோடு வந்து நிற்பாள். பழுதான சாடி ஒன்றுகூடத் தன் முத்திரையோடு வெளியே போகக் கூடாது என்பது அவள் பிடிவாதம். சாடிகளைப் பளபளப்புக் குழம்பில் முக்கி எடுப்பவன் அன்டன். அவன் பிடித்த இடத்தில் மட்டும் பூச்சு ஏறாமல், மூன்று விரல் தடம் வெறும் மண்ணாக நின்றுவிடும். ஹாரியட் இரும்பு இடுக்கி வாங்கிக் கொடுத்தாள். அப்படியும் ஒவ்வொரு சூளையிலும் ஒரு சாடி விரல் தடத்தோடு வந்தது. "இதை வீட்டுல வச்சு உடைச்சுக்கறேன்" என்று முறைத்தபடியே அதைச் சால்வையில் சுற்றி எடுத்துப்போவாள். அவ்வளவு ஆத்திரம் என்று மற்றவர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

அவள் காய்ச்சலில் படுத்தபோது, அன்டன் சூப் எடுத்துக்கொண்டு முதல்முறையாக அந்த வீட்டுக்குப் போனான். ஜன்னல் விளிம்பில், பியானோ மேல், நாற்காலிகளில், எங்கும் சாடிகள். எல்லாவற்றிலும் விரல் தடம் கட்டிலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"உடைச்சுக்கறேன்னு சொன்னீங்களே?"

"சுத்தியலை ஃபாக்டரியிலயே மறந்து வச்சிட்டு வந்துடறேன்." போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். "இடுக்கி வாங்கித் தந்தும் நீங்க ஏன் கையால முக்கறீங்க?"

"எல்லாத்தையும் இடுக்கியாலதான் முக்கறேன்" என்றான் அன்டன். "ஒண்ணே ஒண்ணைத் தவிர."

சூப் கிண்ணத்தை வைக்க அந்த அறையில் எங்கும் இடமில்லை. அவன் அதை ஏந்திக்கொண்டே நின்றான். ஹாரியட் கட்டிலில் சற்று நகர்ந்து படுத்தாள்.