பவுடர் கலையவில்லை

"மெதுவாப் பேசு கண்ணு. வெளிய ராமுலு நிக்கறான்" என்றார் தம்பிதுரை.

"நான் இன்னும் வாயே தொறக்கலீங்களே" என்றான் தாரிக்.

"தொறக்கறப்ப மெதுவாத் தொற."

தம்பிதுரைக்குச் சூலூரில் தறிக்கூடம். அதை ஒட்டிய வீட்டின் முன்னறையில் அவருடைய கம்ப்யூட்டர் இருந்தது. தொண்ணூற்றொன்பதிலேயே பழையதாகிவிட்ட பெட்டி. தீபாவளிச் சேலை டிசைன் முழுக்க அதன் வயிற்றில்தான். பம்பாய்ப் பார்ட்டிக்கு டிசைன் அனுப்புவதற்காக வீட்டுப் போன் வயரில் ஒரு கிளையும் அதற்குப் போயிருந்தது. அந்தப் போன் நம்பரை அவர் வெளியாள் ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை. யாரை நம்புவது?

"ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாத சாமானாப் பார்த்துப் போடு" என்று அவர் சொன்னதால், கோயமுத்தூர் மெக்கானிக் தாரிக் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். விளைவு, தம்பிதுரைக்கே அதில் இரண்டு காரியந்தான் தெரியும். டிசைனைத் திறப்பது, வேலை முடிந்ததும் பெட்டியைத் தூங்க வைப்பது. தூங்க வைத்தால் திரை இருண்டு, விசிறி நின்று, பெட்டி மூச்சுக் காட்டாமல் கிடக்கும்.

கிடக்க வேண்டும்.

"நான் ஊட்டுல இருக்கற அன்னிக்குப் பச்சப்புள்ளையாட்டம் தூங்குது. கோயமுத்தூர் போற அன்னிக்கு மட்டும், திரும்பி வந்து பார்த்தா முழிச்சு உக்காந்திருக்குது. அப்படின்னா என்ன அர்த்தம்?"

"தூங்கி எந்திரிக்கறதுல இந்தப் பழைய போர்டுக்கெல்லாம் கோளாறு உண்டுங்க. மவுஸ் லேசா அசைஞ்சாக்கூட..."

"மவுஸைப் புடுங்கி பைக்குள்ள போட்டுக்கிட்டுத்தான் போனேன்."

"ரூமைப் பூட்டினீங்களா?"

"சாவி என்ற அரணாக்கயித்துல."

"கீபோர்டுல யாராச்சும் கை வெச்சு..."

"ராசாத்தா பூசற பவுடரை அதுமேல தூவிப்போட்டுப் போனேன். வந்து பார்த்தா ஒரு பொட்டுக் கலையலை."

"அப்ப யாரும் தொடலீங்க."

"கலையாமத் தொட்டிருக்கான்!" தம்பிதுரை குரலை இன்னும் இறக்கினார். "அறுந்த பாவு நூலைப் பிணைக்கற கை, கண்ணு. பட்டாப் பட்டதே தெரியாது."

ராமுலு அவருடைய தறி மேஸ்திரி. தறிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். அவர் டிசைனைத் திருடி விற்கிறார் என்று தம்பிதுரை முடிவு கட்டியாகிவிட்டது. இன்று சாயங்காலம் கணக்கு முடித்து அனுப்பிவிட வேண்டியது. கையும் களவுமாகப் பிடிப்பது மட்டுந்தான் பாக்கி.

காபியோடு வந்த அவர் மனைவி ராசாத்தாள் டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"அந்த மனுசன் இல்லீன்னா உங்க தறி ஒண்ணு ஓடாது. மிசினு முழிச்சா முழிச்சுட்டுப் போகுது. நீங்க ராப்பகலா முழிச்சிருக்கறீங்களே, உங்கள எந்தத் திருடன் வந்து எழுப்பினான்?"

அவள் போகும்வரை காத்திருந்து தம்பிதுரை கேட்டார்: "இவ எதுக்கு அவனுக்குப் பரிஞ்சு பேசறா? கவனிச்சியா?"

தாரிக் காபியைக் கவனித்தான்.

"போன வாரம் கோயமுத்தூர் போறேன்னு சொல்லிப்போட்டு, பின்னால வழியா வந்து, இதா இந்த நூல் மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சு கெடந்தேன். சாயங்காலம் வரைக்கும் பொட்டி அசையலை."

"அப்ப நல்லாத்தானுங்களே இருக்குது?"

"என்ன நல்லா இருக்குது? நான் ஊரைத் தாண்டலைன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு! அன்னிக்கு ரிங் வுட மறந்துபோட்டேன்."

வெளியூர் போனால், சேர்ந்ததும் பூத்திலிருந்து வீட்டுக்கு ஒரே ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவது தம்பிதுரையின் வழக்கம். ராசாத்தாள் எடுக்க மாட்டாள். ஒரு ரிங் என்றால் சுகமாகப் போய்ச் சேர்ந்தாயிற்று. இரண்டு என்றால் கிளம்பியாயிற்று, சோறு வைக்கலாம்.

"இன்னிக்கு அந்தத் தப்புப் பண்ண மாட்டேன். நீ மூட்டைக்குப் பின்னால உக்காரு. எவன் வந்தாலும் சத்தம் போடாத. மூஞ்சியை மட்டும் பார்த்து வெய்யி."

பெட்டியைத் தூங்க வைத்தார். பவுடர் தூவினார். மவுஸைப் பையில் போட்டார். தாரிக்கை உள்ளே வைத்துப் பூட்டினார்.

"ராமுலு! கோயமுத்தூர் போயிட்டு வாரேன்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"சரிங்க மொதலாளி. போய்ச் சேர்ந்ததும் மறக்காம ரிங் வுட்டுருங்க. போன வாரம் வராம அம்மா பயந்துபோட்டாங்க."

தம்பிதுரைக்குச் சுருக்கென்றது. நான் சேர்ந்தேனா இல்லையா என்பதில் இவனுக்கு என்ன இவ்வளவு அக்கறை?

சூலூர் பஸ் ஸ்டாண்டு பூத்துக்குள்ளேயே நுழைந்தார். ஒரே ஒரு ரிங். வைத்தார். பூத்துக்காரன் முறைப்பதற்குள் வெளியே பாய்ந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சந்து வழியாக ஓடிவந்து பூட்டைத் திறந்தார்.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் தீபாவளிச் சேலை பளபளத்தது. பவுடர் கலையவில்லை.

"முழிச்சிருக்குது! பார்த்தியா கண்ணு?"

மூட்டைக்குப் பின்னாலிருந்து தாரிக் மெல்ல எழுந்தான். "பார்த்தேனுங்க."

"கதவு வழியாவா, ஜன்னல் வழியாவா?"

"போன் வயரு வழியாங்க."

"அடப்பாவி, அதுலயெல்லாம் வேலை தெரியுமா அவனுக்கு! ராமுலுதானே?"

"போன் மணி அடிச்சா முழிச்சுக்கறாப்புல உள்ளுக்குள்ள ஒரு செட்டிங் இருந்திருக்குதுங்க. நான் கவனிக்காம வுட்டுட்டேன்" என்றான் தாரிக். "இப்பத்தான் ஒரே ஒரு ரிங் வந்துச்சு. 'ராமுலு, அவரு போய்ச் சேர்ந்துட்டாரு'ன்னு உள்ளயிருந்து அம்மா சொன்னாங்க. போனை எடுக்க அவங்க எந்திரிக்கலீங்க, பொட்டிதான் எந்திரிச்சுது."