சக்கரம் சொன்ன தேதி

"இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவை. தப்பவே தப்பாது" என்றாள் மாமியார் சல்ஹா.

நான் கேட்டது மருமகள் ஹயாத்திடம்.

மேசையில் படுத்திருந்த ஹயாத் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தீவுக்கு நான் ஒருத்திதான் மருத்துவச்சி. யாருக்கு எப்போது மாதவிலக்கு என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு அவரவர் புருஷனுக்குத் தெரியாது. ஹயாத்துக்கு நாற்பது நாளைக்கு ஒருமுறைதான் வரும். குழந்தை தங்கவில்லை என்று இரண்டு வருடம் அவளை என்னிடம் இழுத்துக்கொண்டு அலைந்ததே சல்ஹாதான். அவள் மறந்திருக்க வழியே இல்லை.

கதவுக்கு வெளியே ஹெடி தொண்டையைச் செருமினான். செத்துப்போன தீஜானியின் பெரியப்பா மகன், அண்ணன் முறை.

"அக்கா, தேதியைச் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு நாள் போனாலும் அது எங்க வீட்டுப் பிள்ளை இல்ல. நானும் கணக்கு வச்சிருக்கேன்."

அவன் கணக்கு எனக்குத் தெரியாதா? கடலுக்குள் பேரீச்ச ஓலையை நட்டு மீனை மடக்கும் வேலியும், நிலம் போலப் பங்கு பிரித்ததில் தீஜானிக்கு வந்த கடலும் பிள்ளைக்குச் சேரும். பிள்ளை வேறு யாருடையதோ என்று ஆகிவிட்டால் ஹெடியின் கைக்குப் போகும். ஹயாத் துணி மூட்டையோடு படகேற வேண்டியதுதான். அவளை எந்த வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள்.

அட்டைச் சக்கரத்தை எடுத்தேன்.

கடைசியாக விலக்கான தேதியில் அம்பைப் பொருத்தினால் பிரசவத் தேதியைக் காட்டிவிடும். நல்ல சாமான்தான். ஒரே கோளாறு, உலகத்துப் பெண்கள் எல்லோருக்கும் இருபத்தெட்டு நாள் என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது.

இடைவெளி நீண்டவளுக்குக் கருவும் தாமதமாகத்தான் தங்கும். பிரசவமும் அதே அளவு தள்ளிப்போகும். ஹயாத்துக்குப் பன்னிரண்டு நாள்.

சக்கரத்தை நம்பினால், கரு தங்கியது தீஜானி உயிரோடு இருந்த கடைசி வாரம்.

பன்னிரண்டு நாள் தள்ளிப் பார்த்தேன். குளிர்காலச் சூறைக்காற்றில் அவன் படகு கவிழ்ந்து, ஊரே தேடி ஓய்ந்து, பத்தாம் நாள் காலை அவனுடைய ஓலை வேலியிலேயே உடல் சிக்கிக் கிடந்ததே, அதை ஒட்டி வந்து நின்றது.

ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகும். இவ்வளவு ஆகி நான் பார்த்ததில்லை.

என் மனம் ஊரிலுள்ள ஆண்களையெல்லாம் வரிசையாக நிறுத்திப் பார்த்தது. இவனா, அவனா? என் புத்தி அப்படி. பிறகு ஹயாத்தின் முகத்தைப் பார்த்தேன். பயத்தில் உதடு வெளுத்திருந்தது. எனக்கே வெட்கமாகிவிட்டது. யாராக இருந்தால் எனக்கென்ன?

வயிற்றைத் தொட்டு அளந்தேன். சில்லென்றிருந்தது. ஜூன் வெயிலில் நடந்து வந்த என் கைதான் கொதிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். குழலை வைத்துக் கேட்டபோது துடிப்பு சீராக இருந்தது. கொஞ்சம் நிதானம்தான்.

கதவைத் திறந்து, சக்கரம் சொன்ன தேதியையே ஹெடியிடம் சொன்னேன். கைபேசியில் குறித்துக்கொண்டு வண்டியை எடுக்கப் போனான்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். "தேதி தாண்டத்தான் போகுது பெரியம்மா. அப்ப என்ன சொல்வீங்க?"

"பிள்ளை வயித்துக்குள்ள தூங்கிருச்சுன்னு சொல்வேன்."

எங்கள் தீவில் அது நடக்கும். அப்பனைப் பறிகொடுத்த துக்கத்தில் குழந்தை உள்ளேயே உறங்கிப்போகும், எழுந்த பிறகுதான் பிறக்கும். இமாம்கூட மறுத்துப் பேசமாட்டார்.

"ஹெடி ஒத்துக்கணுமே?"

"அவன் ஒத்துக்காம? அவனே அவங்கப்பன் வெளியூர் போய் பதினோரு மாசம் கழிச்சுப் பொறந்தவன்தான். நல்லாத் தூங்கினான். எங்க, வாயைத் திறக்கச் சொல்லு பாப்போம்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஹயாத்கூட லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. கிழவி எல்லாவற்றையும் யோசித்து வைத்துவிட்டாள். மருமகள் மேல் இவ்வளவு பிரியம் வைத்த மாமியாரை நான் பார்த்ததே இல்லை.

"மகன் பிள்ளை இல்லைன்னு தெரிஞ்சும் இப்படித் தாங்குறீங்களே" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம்.

சல்ஹாவின் முகம் மாறியது. "யார் சொன்னா? இது என் தீஜானி பிள்ளை. அன்னைக்கு அவனுக்குக் கதவைத் தொறந்து விட்டதே நான்தான்."

"என்னைக்கு?"

"உடம்பு கிடைச்சதுக்கு முந்தின ராத்திரி."

ஹயாத் கண்களை மூடிக்கொண்டாள். கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

வெளியே ஹெடி வண்டியின் ஹாரனை அடித்தான். சல்ஹா மருமகளைத் தூக்கி உட்கார வைத்து, தலைத்துணியைச் சரிசெய்து விட்டாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் கை அப்படிச் சில்லுன்னு இருந்துச்சு மகளே. துடைச்சுத் துடைச்சு விட்டேன், சூடே ஏறல. உள்ள குழந்தை சூடாத்தானே இருக்கு?"

அவள் பிடித்திருந்தது நான் வயிற்றைத் தொட்ட கை. அது இன்னும் சில்லிட்டே இருந்தது.

"சூடாத்தான் இருக்கு" என்றேன்.